மீனம்பாக்கத்திலிருந்து ஹீத்ரோ எவ்வளவு தூரம்?

பரங்கிமலைப் படிகளில் ஏறித் தேவாலய முற்றத்தில் நின்றால் மீனம்பாக்கத்து ஓடுபாதைகள் கண்ணுக்குத் தெரியும். சில நிமிடங்களுக்கு ஒன்றாக விமானங்கள் எழும்பும், இறங்கும். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு சங்கிலி. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இந்த மலையின் அடிவாரத்தில் நூறடி நீள எஃகுச் சங்கிலியை விரித்து நிலத்தை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைப் பக்கமிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். அதை அளந்து முடிக்க 57 நாள் பிடித்தது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை நிழலில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நிலஅளவை அந்த ஒரு கோட்டிலிருந்துதான் கிளைத்தது. கிழக்கிந்தியக் கும்பினிக்கு வேண்டியது நல்ல வரைபடம். லாம்டனுக்கோ பூமி எவ்வளவு உருண்டை, எங்கே சப்பை என்று தெரிந்துகொள்ளும் ஆசை. அவர் 57 நாள் அளந்த நீளத்தை இன்று உயரத்தில் பறக்கும் ஜெட் விமானம் 48 விநாடியில் கடந்துவிடும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. “இங்கிருந்து எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம் ஆகும்?” ஒரே மூச்சில் கேட்கிறோம், ஒன்று தெரிந்தால் மற்றது தெரிந்துவிடும் என்று நம்புகிறோம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம், பள்ளிக்கூடத்துக் கணக்கு. சாலைக்கே அது சரியாகப் பொருந்துவதில்லை. வானத்துக்கு இன்னும் பொருந்தாது. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே தூரம் என்று கேட்டால் விடை ஒன்றுதான். கண்டங்கள் நகர்ந்தாலொழிய அது மாறாது. நேரம் நாளுக்கு நாள் மாறும். அதை மாற்றுகிறவற்றில் பெரியவை இரண்டு: காற்று, அரசுகள். காற்றைப் பற்றி விமானிகளும் வானிலையாளர்களும் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அரசுகள் நம் பயண நேரத்தில் எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தக் கட்டுரையில் என் அக்கறை பெரிதும் அதில்தான்.

முதலில் தூரம். ஒரு விமான நிலையம் பல நூறு ஏக்கர் பரப்பு. அதில் எந்த இடத்திலிருந்து அளப்பது? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பெரும்பாலும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி அது குறிக்கப்பட்டிருக்கும். சென்னையின் புள்ளி வடக்கே ஏறத்தாழ 12.99 பாகை, கிழக்கே 80.17 பாகை. லண்டன் ஹீத்ரோவுடையது வடக்கே 51.47 பாகை, கிரீனிச் கோட்டுக்கு மேற்கே அரைப் பாகைக்கும் குறைவு. இந்த எண்களை ஒவ்வொரு நாடும் தன் தன் அளவை முறையில் சொல்லிக்கொண்டிருந்த காலம் இருந்தது. 1998 முதல் உலக வானூர்திப் போக்குவரத்துக்கு டபிள்யூஜிஎஸ்-84 என்ற ஒரே புவி மாதிரி பொது அளவுகோல் ஆயிற்று. நம் கைப்பேசியின் ஜிபிஎஸ் பயன்படுத்துவதும் அதைத்தான்.

இரண்டு புள்ளிகளும் கிடைத்துவிட்டால் உருண்டையின் மேல் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வழியைக் கணக்கிடலாம். பூமியின் மையத்தைத் தொட்டபடி உருண்டையைச் சரிபாதியாக வெட்டினால் வரும் வட்டத்தின் ஒரு துண்டு அது. பெருவட்டப் பாதை என்பார்கள். சென்னைக்கும் ஹீத்ரோவுக்கும் இந்த வழியில் சுமார் 8,230 கிலோமீட்டர். பூமியை முழு உருண்டை என்று கொண்டால் ஓர் எண்ணும், துருவங்களில் சற்றே சப்பை என்று கொண்டால் இன்னோர் எண்ணும் வரும். நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357 கிலோமீட்டர். வேறுபாடு 21 கிலோமீட்டர்தான். அதனால் இரண்டு கணக்குகளுக்கும் இடையே வரும் பிசகு அரை சதவீதத்துக்கு உள்ளேதான் இருக்கும். இரு வேறு பட்டியல்களில் ஒரே தடத்துக்கு இருபது முப்பது கிலோமீட்டர் வேறுபடுவதைக் கண்டால் குழம்ப வேண்டாம், லாம்டன் தேடிய அந்தச் சப்பையை ஒருவர் கணக்கில் எடுத்திருக்கிறார், மற்றவர் விட்டிருக்கிறார்.

பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் அடிக்கோலை வைத்துச் சென்னையையும் லண்டனையும் இணைத்துப் பாருங்கள். கோடு அரபிக்கடல், அரபு நாடுகள், மத்தியதரைக் கடல் என்று போகும். அதுதான் நேர்வழி என்று கண் சொல்லும். ஓர் உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் நூல் அங்கே போகாது, இன்னும் வடக்கே ஏறும். சென்னையிலிருந்து கிளம்பும் பெருவட்டப் பாதை வடக்கிலிருந்து மேற்கே 40 பாகை மட்டுமே சாய்ந்திருக்கிறது. வரைபடத்துக் கோடோ 60 பாகை சாய்கிறது. வரைபடம் காட்டும் ‘நேர்’கோட்டில் போனால் சுமார் 250 கிலோமீட்டர் கூடுதலாகப் பறக்க நேரும்.

இன்னொரு கணக்கையும் இதனருகே வைக்கலாம். சென்னையிலிருந்து துபாய் 2,930 கிலோமீட்டர், துபாயிலிருந்து ஹீத்ரோ 5,500 கிலோமீட்டர். கூட்டினால் 8,430. நேரே போவதைவிட இருநூறு கிலோமீட்டர்தான் அதிகம். துபாய் வழியே போவது பெரிய சுற்று என்று நாம் நினைக்கிறோம், பூமியின் வடிவக் கணக்கில் துபாய் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. வளைகுடாவின் பெரிய விமான நிலையங்கள் தமிழர்களின் ஐரோப்பியப் பயணத்தில் இவ்வளவு இடம்பிடித்ததற்குக் கட்டணமும் சேவையும் மட்டுமல்ல, இந்த இருநூறு கிலோமீட்டரும் காரணம். அங்கே செலவாவது தூரம் அல்ல. அடுத்த விமானத்துக்காக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம்.

சரி, 8,230 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் ஓடும் பெரிய ஜெட் விமானம் ஒலியின் வேகத்தில் 85 சதவீதம் அளவுக்குப் பறக்கும். மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர். வகுத்தால் 9 மணி 10 நிமிடம். கால அட்டவணை சொல்வதோ லண்டன் போக ஏறத்தாழ 11 மணி நேரம், திரும்பி வர ஏறத்தாழ 10 மணி நேரம். ஒரே தூரம், ஒரே விமானம். போகும்போது இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டவும், வரும்போது ஒரு மணி நேரத்துக்குக் கிட்டவும் கணக்கில் உதைக்கிறது.

அதில் ஒரு பகுதிக்குக் காரணம் தரையிலேயே கிடைக்கும். அட்டவணையில் அச்சிடுவது பறக்கும் நேரத்தை அல்ல. சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுத்து விமானம் பின்னோக்கி நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, மறுமுனையில் மீண்டும் முட்டுக்கட்டை வைக்கும் நொடி வரை உள்ள நேரம் அது. துறையில் இருப்பவர்கள் பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, இறங்கியபின் வாயிலுக்கு வருவது எல்லாம் இதில் சேர்த்தி. உயரே ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர் என்று வரம்பு உண்டு. ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். நெரிசல் நேரத்தில் வரும் விமானங்கள் நகரைச் சுற்றி போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் என்ற நான்கு இடங்களில் அடுக்கடுக்காக வட்டமடித்துத் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும். ஜன்னலோரத்தில் இருப்பவர் தேம்ஸ் நதியை மூன்று முறை பார்த்துவிட்டு “ஏன் இன்னும் இறங்கவில்லை?” என்று கேட்பது அப்போதுதான். விமான நிறுவனங்கள் இதையெல்லாம் அனுபவத்தில் அறிந்து அட்டவணையில் சில நிமிடங்களை முன்கூட்டியே சேர்த்துவைக்கின்றன. ‘இருபது நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம்’ என்ற அறிவிப்பில் பல நேரம் அந்தச் சேமிப்புதான் பேசுகிறது.

அடுத்தது காற்று. இங்கே ஒரு பிழையான நம்பிக்கையை முதலில் ஒதுக்க வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கே போகும் விமானத்தை நோக்கி லண்டன் தானே வர வேண்டாமா, பிறகு ஏன் மேற்கே போக நேரம் கூடுகிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சென்னை இருக்கும் அட்சக்கோட்டில் தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் மேலிருக்கும் காற்றும் கூடவே ஓடுகிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அந்த வேகத்தோடுதான் மேலே எழும்புகிறது. ஓடும் ரயிலுக்குள் முன்பக்கம் நடப்பதும் பின்பக்கம் நடப்பதும் நமக்கு ஒன்றாகவே இருப்பதைப் போல. சுழற்சியின் நேரடி விளைவு இதில் இல்லை. ஆனால் சூரிய வெப்பமும் சுழற்சியும் சேர்ந்து நடு அட்சங்களின் மேல்வானத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாகப் பாயும் காற்றாறுகளை உண்டாக்குகின்றன. அவை விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே பாய்கின்றன.

1920-களில் ஜப்பானில் வசாபுரோ ஓயிஷி என்ற வானிலையாளர் பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்தார். உலகம் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் தன் முடிவுகளை வெளியிட்டார். அதனாலேயே பலர் அதைப் படிக்காமல் போனது அறிவியல் வரலாற்றின் சோகங்களில் ஒன்று. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலும் இந்தக் காற்று மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு அருகே வீசக்கூடும். லண்டன் போகும் விமானம் அதை எதிர்த்து ஏறுகிறது. வரும் விமானம் அதன் மேல் சவாரி செய்கிறது. 11 மணி நேரத்துக்கும் 10 மணி நேரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இதுதான். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் கியாரா புயல் வீசியபோது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையிலிருந்து பார்த்தால் அது ஒலியைவிட வேகமாகப் போனது. அதைச் சுமந்த காற்றுக்கு அது வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது.

‘கிழக்கே போனால் சீக்கிரம்’ என்பதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் தலைக்கு மேலேயே விதிவிலக்கு இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தீபகற்பத்தின் மேல்வானத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காகப் பாயும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்ற இந்தக் காற்றோட்டத்தை 1950-களில் உலகுக்கு அடையாளம் காட்டியவர் பி. கோட்டீசுவரம் என்ற இந்திய வானிலை அறிஞர். சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டுமே 2,900 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒன்று மேற்கே, மற்றது கிழக்கே. ஆடி மாதத்தில் சிங்கப்பூர் போகிறவருக்கு இந்தக் கிழக்குக் காற்று எதிர்காற்று. ஐரோப்பியர் எழுதிய பயண விதிகளை அப்படியே நம் ஊருக்கு எடுத்துவந்தால் தவறிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

காற்று தூரத்தையே தோற்கடிப்பதும் உண்டு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர், புதிய வழி சுமார் 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் அது பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம். எதிர்காற்றைப் பின்காற்றாக மாற்றிக்கொண்டதுதான் செய்த வேலை. மாட்டுவண்டிக்காரர்கள் மேட்டைச் சுற்றிப் போனதும் இதே அறிவுதான்.

வேகமான விமானம் வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் பையோடு ஒரு சிறு விமானத்தில் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துவந்தார். 1948 ஜூன் 8 அன்று ‘மலபார் பிரின்சஸ்’ என்ற கான்ஸ்டெலேஷன் விமானம் கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு முதல் இந்தியச் சேவையைத் தொடங்கியது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் போயிங் 707 ஜெட் வந்து பயண நேரத்தைப் பாதியாக்கியது. அதன்பிறகு வேகம் நின்றுவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய 707 விமானமும் இன்றைய 787 விமானமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் பறக்கின்றன. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் தடை தாறுமாறாகக் கூடுகிறது, எரிபொருள் குடிக்கிறது. எண்ணெய் விலை ஏறும்போது நிறுவனங்கள் வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பறப்பதும் நடக்கிறது. நேரத்தின் விலையையும் எரிபொருளின் விலையையும் தராசில் வைத்து அன்றன்றைக்கு வேகத்தை முடிவு செய்கிறார்கள்.

ஒலியைத் தாண்டிய கான்கார்டு 1976 முதல் 2003 வரை பயணிகளைச் சுமந்தது. 1977-இல் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கும் அதை ஓட்டத் தொடங்கினார்கள். தன் வானத்தில் அதன் இரைச்சலை மலேசியா ஏற்கவில்லை. சில நடைகளோடு நின்றது. 1979-இல் வழிமாற்றி மீண்டும் தொடங்கினார்கள். இந்தியா தன் வான்வெளியில் அது ஒலியைத் தாண்டிப் பறக்க இடம் கொடுக்கவில்லை. 1980-இல் அந்தச் சேவை முடிந்தது. மனிதர் கட்டியதிலேயே மிக வேகமான பயணிகள் விமானங்களில் ஒன்றைக் காற்று நிறுத்தவில்லை, இரண்டு அரசுகளின் மறுப்பு நிறுத்தியது. அந்த மறுப்பில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். கீழே இருப்பவர்களின் கண்ணாடியும் காதும் அதிர மேலே இருப்பவர்கள் மூன்று மணி நேரம் மிச்சப்படுத்துவது சரியல்ல.

இப்படி மறுக்கும் உரிமைக்கான சட்டம் 1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் விதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனக்கே உரிய இறையாண்மை உண்டு. கடலைப் போல வானமும் பொது என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். கரையைத் தாண்டிய பெருங்கடலின் மேல் மட்டுமே அது பொது. நிலத்தின் மேலே வேலி போடாத வேலிகள் இருக்கின்றன.

இப்போது சென்னை–லண்டன் பெருவட்டப் பாதையில் மீண்டும் நடந்து பார்ப்போம். அந்தக் கோடு ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் எனத் தக்காணத்தைக் குறுக்காகக் கடந்து பாகிஸ்தானின் சிந்துப் பகுதிக்குள் நுழைகிறது. பிறகு பலுசிஸ்தான், ஈரான். சரிபாதித் தூரம் வரும் இடம் காஸ்பியன் கடல், அஜர்பைஜானின் பாகு நகருக்குத் தென்கிழக்கே. அங்கிருந்து காக்கசஸ் மலை, ரஷ்யாவின் தெற்கு ஓரம், உக்ரைன், போலந்து, ஜெர்மனி என்று போய் லண்டனைத் தொடுகிறது. இந்தப் பெயர்களைப் படிக்கும்போதே தினசரியின் உலகச் செய்திப் பக்கம் கண்முன் வரும். பூமி நமக்குக் கொடுத்த மிகக் குறுகிய வழி, நம் காலத்துப் பகைகள் பலவற்றின் மேலேயே போகிறது.

2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வந்துகொண்டிருந்த எம்எச்17 கிழக்கு உக்ரைனுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் இறந்தார்கள். 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தை ஈரானின் ஏவுகணைகள் வீழ்த்தின, 176 பேர். அவர்கள் எவருக்கும் கீழே நடந்த சண்டையில் பங்கில்லை. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனின் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. அந்தப் போரையொட்டி ரஷ்ய வானம் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அடைபட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஒன்பதரை மணி நேரப் பயணமாக இருந்தது; பின்லாந்தின் விமானத் தொழிலே ஆசியாவுக்கு மிகக் குறுகிய வழி என்ற அந்த இட வசதியை நம்பி வளர்ந்தது. அதன்பின் அது 13 மணி நேரமாயிற்று. இரண்டு ஊர்களுக்கும் இடையே தூரம் ஓர் அங்குலமும் கூடவில்லை.

நம் பக்கத்தில், 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் வானத்தின் பெரும்பகுதியை மூடியிருந்தது. டெல்லியிலிருந்து இஸ்தான்புல் போன ஓர் இந்திய விமானம் எரிபொருள் நிரப்ப தோஹாவில் இறங்கிப் போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்கு அந்த வானம் மறுபடி மூடப்பட்டது. ஆறு நாள் கழித்து இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. டெல்லி, அமிர்தசரஸ் போன்ற வட இந்திய நகரங்களிலிருந்து மேற்கே போகிறவர்கள் முதலில் தெற்கே குஜராத் பக்கம் இறங்கி, அரபிக்கடலுக்குப் போய்த் திரும்ப வேண்டும். தெற்கே இருக்கும் நமக்கு அந்த அடி அவ்வளவாக விழவில்லை. ஆனால் 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் போர் மூண்டபோது ஈரான், ஈராக், ஜோர்டான் வானங்கள் ஒரே நாளில் அடைபட்டன. வழியில் இருந்த விமானங்கள் திரும்பின. அப்படிப்பட்ட நாட்களில் ஐரோப்பா போகும் தடம் சவூதி அரேபியா, எகிப்து வழியே தெற்காகவோ, மத்திய ஆசியா வழியே வடக்காகவோ வளைகிறது. 8,230 என்ற எண் அன்று யாருக்கும் பயன்படுவதில்லை.

இந்தச் சுற்றுக்கு விலை உண்டு. கூடுதல் எரிபொருள், கூடுதல் பணியாளர் நேரம், எரிபொருளைச் சுமப்பதற்காகக் குறைக்கும் சரக்கு, எல்லாம் கடைசியில் சீட்டின் விலையில் வந்து நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் ஓய்வூதியக்காரரும், வளைகுடாவில் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடித்து ஊர் திரும்பும் கொத்தனாரும் அதைக் கொடுக்கிறார்கள். எந்த நாட்டின் பாதுகாப்புக் கூட்டத்திலும் அவர்கள் உட்காரவில்லை.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சீட்டில் கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் அச்சாகும். காலை 5.30-க்குக் கிளம்பி 11 மணிக்கு லண்டன் என்றால் பார்வைக்கு ஐந்தரை மணி நேரம்தான். குளிர்காலத்தில் இந்தியா ஐந்தரை மணி நேரம் முந்தி இருப்பதால் உண்மையில் 11 மணி நேரம். கோடையில் லண்டன்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். அதே அச்சு அப்போது 10 மணி நேரத்தைக் குறிக்கும். சென்னைக்கென்று தனி நேரம் இருந்த காலத்தில் வேறுபாடு 5 மணி 21 நிமிடம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கணக்கில் இந்திய ரயில்களே அந்த நேரத்துக்குத்தான் ஓடின. 1906-இல்தான் இன்றைய இந்திய நேரம் வந்தது.

இவ்வளவு காரணங்களில் எது எவ்வளவு என்று பிரித்தறிய, மற்ற எல்லாக் காரணங்களும் அடங்கிப்போன ஒரு தடம் கிடைத்தால் நல்லது. அப்படி ஒன்று இருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலி.

சென்னையின் தீர்க்கரேகை 80.17, பலாலியினுடையது 80.07. ஏறத்தாழ நேர் தெற்கு. வடக்கு–தெற்குக் கோட்டில் வரைபடமும் உருண்டையும் முரண்படுவதில்லை; அடிக்கோல் காட்டும் வழிதான் பெருவட்டப் பாதையும். தூரம் சுமார் 354 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழியில் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். மதுரையைவிட யாழ்ப்பாணம் நமக்குப் பக்கம். மலைகள் இல்லை. மேற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வரும் காற்று பக்கவாட்டில்தான் படும். நேரத்தை அதிகம் கூட்டாது, குறைக்காது. நடுவே மூன்றாவது நாடு இல்லை. மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் ஏடிஆர் விமானத்துக்குக் கணக்குப்படி 43 நிமிடம். ஏறுவது, இறங்குவது, தரையில் ஊர்வது எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் போதும்.

1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் சேவையைத் தொடங்கியது இந்தத் தடத்தில்தான். ஒரு டகோட்டா விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. பலாலி நிலையத்தைத்தான் அன்று காங்கேசன்துறை என்றார்கள். இலங்கையின் பயணிகள் விமான வரலாறே சென்னையை நோக்கித்தான் தொடங்கியது. பிறகு போர் வந்தது. பலாலி இராணுவத் தளமாயிற்று. 1990-இல் பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வளவுகளை விட்டு இடம்பெயர்ந்தார்கள். அந்தக் காணிகளில் ஒரு பகுதி இன்னும் அவர்களிடம் திரும்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே பயணிகள் விமானம் ஓடவில்லை.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணம் போக விரும்பியவர் சென்னையிலிருந்து கொழும்புக்கு அருகே உள்ள கட்டுநாயக்காவுக்கு 640 கிலோமீட்டர் பறந்தார். அந்தப் பறப்பின்போதே யாழ்ப்பாணத்தின் அட்சக்கோட்டைக் கடந்து தெற்கே போய்விடுவார். இறங்கியபின் தரைவழியே ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். போர்க்காலத்தில் ஏ9 சாலை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் அதுவும் இல்லை. 354 கிலோமீட்டருக்குப் பதில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பதில் ஒரு பகலும் ஓர் இரவும். சிலருக்கு அந்தப் பயணம் இருபது ஆண்டுகள் எடுத்தது. தாயின் கடைசி நாளுக்குப் போய்ச் சேர முடியாதவர்களும் அவர்களில் உண்டு.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து ஓர் ஏடிஆர் போய் இறங்கியது. நவம்பரில் சேவை முறையாகத் தொடங்கி, நான்கே மாதத்தில் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இரண்டாவது நிறுவனமும் அந்தத் தடத்துக்கு வந்தது. இப்போது மீனம்பாக்கத்தில் எழும் அந்தச் சிறு விமானம் மாமல்லபுரத்துப் பக்கம் கரையை விட்டு, கோடியக்கரையை வலப்புறத்தில் வைத்துக்கொண்டு, பாக்கு நீரிணையைத் தாண்டுகிறது. பணிப்பெண் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்து, காலிப் புட்டியை வாங்கிக்கொள்வதற்குள் பனைகள் தெரியத் தொடங்கிவிடும்.